நெற்றியில் கட்டிய லைட்

சைக்கிளுக்கு லைட் வாங்குவது ஒரு பெரிய காரியமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். கோலார் தங்கவயலில் வெளிச்சத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும், இருட்டில் எப்படிப் பார்ப்பது என்று விளக்கம் சொல்ல ஒவ்வொரு தெருவிலும் நாலு பென்ஷன்காரர்கள் தயாராக இருக்கிறார்கள். நான் லைட் வாங்கக் கிளம்பியபோது அவர்களில் ஒருவர் கூடவே வந்தார். வினை அங்கே ஆரம்பித்தது.

நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். விடியுமுன் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் இறங்குவேன். அங்கிருந்து மைசூர் மைன்ஸ் பக்கமுள்ள வீட்டுக்கு முன்பெல்லாம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். சர்க்கரை வந்ததும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதற்குச் சோம்பல்பட்டு, மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். வழியில் தெருவிளக்கு எரிந்தால் உண்டு. குழிகளுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

ராபர்ட்சன்பேட்டை பஜாரில் சைக்கிள் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஹாண்டில்பாரில் மாட்டும் லைட் ஒன்றை எடுத்து வைத்தார். என்னோடு வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். சுரங்கத்து லிப்டான கேஜில் ஏறி இறங்கியே தலை நரைத்தவர். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது சக்கரம் திரும்புற எடத்துக்குத்தான் அடிக்கும். கண்ணு போற எடத்துக்கு வெளிச்சம் போவ வேணாமா? தலையில கட்ற லைட்ட எடுங்க" என்றார்.

"அண்ணா, அத்த மலை ஏறுறவங்கதான் வாங்கிகினு போறாங்க" என்று கடைக்காரர் இழுத்தார்.

"மலை ஏறுறவனுக்கே ஆவுதுன்னா, மைன்ஸ்ல எறங்குனவனுக்கு ஆவாதா? இன்னா பேசறீங்க நீங்க!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே நெற்றி லைட்டைக் கட்டிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. என் அப்பாவும் தலையில் லைட்டோடு சுரங்க ஷாப்டில் இறங்கியவர்தானே. எங்களுக்கெல்லாம் லைட் என்றால் அது இருக்க வேண்டிய இடம் தலைதான்.

அண்ணன் லைட்டோடு ஒரு மரியாதையையும் சேர்த்துக் கொடுத்தார். எதிரே ஆள் வந்தால் தலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அடுத்தவன் மூஞ்சியில் வெளிச்சம் அடிப்பது சுரங்கத்துக்குள் பெரிய அவமரியாதை. நானும் அப்படியே ஓட்டினேன். பைக்குக்குத் தலை தாழ்த்தினேன், மாட்டுக்குத் தலை தாழ்த்தினேன். எனக்குத் திடீரென்று பணிவு வந்துவிட்டதென்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பேசிவிட்டுப் போகட்டும். என் கவலை வேறு. லைட் பளீரென்று எரிந்தது, ஆனால் எனக்குக் குழி தெரியவில்லை. ரோடு முழுக்க வெள்ளையாய், சமமாய், இஸ்திரி போட்ட வேட்டி போலத் தெரிந்தது. முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் அங்கே குழி இருப்பதே தெரியும். ஒருநாள் கேரியரிலிருந்து டிபன் பாக்ஸ் பறந்தது. இன்னொரு நாள் நானே பறந்தேன். முழங்கை சிராய்ப்புக்கு ரயில் படிக்கட்டின் மேல் பழியைப் போட்டு, வீட்டில் சமாளித்தேன்.

லைட் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரியதாக ஒன்று வாங்கினேன். ரோடு இன்னும் வெளுத்தது. குழி அப்போதும் தெரியவில்லை. வெளிச்சம் கூடியும் தெரியவில்லையென்றால் கோளாறு லைட்டில் இல்லை, கண்ணில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்பாவுக்குச் சர்க்கரைதான் கண்ணைக் கொண்டுபோனது. ஏறக்குறைய என் வயதில் ஆரம்பித்தது. கடைசிக் காலத்தில், பகலா ராத்திரியா என்று கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். அதனால்தான் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து "கண்ண ஒருதரம் காமிச்சிகினு வந்துடலாம் வாங்க" என்று என் மனைவி சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். ரயிலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஸ்டேஷன் போர்டுகளைப் படித்துப் பார்ப்பேன். எழுத்து நன்றாகவே தெரியும். ஆனாலும் ராத்திரி சைக்கிளில் ஏறினால் பயம்தான், வேறென்ன.

புது லைட்டுக்கு எடை அதிகம். வியர்வையில் பட்டை தளர்ந்து அடிக்கடி மூக்கின் மேல் வந்து உட்காரும். ஒருநாள் ஸ்டேஷன் வாசலிலேயே அப்படி வழிந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. கழற்றி, டிபன் பையின் கயிற்றால் சைக்கிளின் முன்கூடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டு மிதித்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் முன்னால் கறுப்பாக ஒரு குழி. அதைத் தாண்டி இன்னொன்று. ஒவ்வொன்றின் விளிம்பும் மையில் வரைந்த மாதிரி தெரிந்தது. சைக்கிளை நிறுத்தி, லைட்டை அவிழ்த்து நெற்றியில் வைத்துப் பார்த்தேன். குழிகள் காணாமல் போயின. கீழே இறக்கினேன், திரும்ப வந்தன. ரோட்டில் நின்று ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போனால், குழிக்குள் விழும் நிழல் கண்ணுக்குப் படாது. தாழ்வாக, ரோட்டை உரசிக்கொண்டு போனால்தான் நிழல் விழும், குழி தெரியும். இது புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. என் கண் கெடவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். விழுந்ததையும் சேர்த்துத்தான். அவள் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைட்டு சரியாயிடுச்சி, சந்தோஷம். கண்ணு நல்லாகீதுன்னு நீங்களே சர்டிபிகேட் குடுத்துக்க முடியாது. சனிக்கெழம போலாம்" என்றாள்.

இந்த முறை எனக்கு எந்த வேலையும் வரவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா கன்னடத்தில், இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள் என்றார். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது.

வெளியே வந்தால் வெயில் கூசியது. மருந்தின் வேகத்தில் எதிரே வருவது பஸ்ஸா ஆட்டோவா என்றே புரியவில்லை. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமே தெரியல" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாப் பூடும். பாத்து வாங்க" என்றாள்.

சரியாகிவிடும் என்ற அந்த வார்த்தையை அப்பாவிடம் எங்களில் யாராலும் சொல்ல முடிந்ததில்லை.