துளுக்காத கிடாய்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட சொந்தபந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். வந்தீர்களே, சந்தோஷம். அக்கா உயிரோடு இருந்தபோது அவர் வீட்டு வாசலில் இத்தனை செருப்புகளை நான் பார்த்ததே இல்லை.

அக்கா பிறந்தது அன்னூர்ப் பக்கம் எங்கள் மேட்டாங்காட்டு வீட்டில். வாக்கப்பட்டது கோபிசெட்டிபாளையத்தில். மாமா காய்ச்சலில் போன பிறகு, பிள்ளை இல்லாத அக்கா பிறந்த வீட்டுக்கே திரும்பினார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடினார்கள். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் கம்பெனி வேலைக்குப் போய்விட்டேன். ஒன்பது வெள்ளாடுகளோடு அக்கா மட்டும் அங்கே இருந்தார்.

ஆடு வளர்ப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஈரப் புல்லில்தான் புழு ஏறும் என்று கால்நடை டாக்டர் சொன்னதிலிருந்து, பனி காயாமல் பட்டியைத் திறக்கமாட்டார். ஒவ்வொரு ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால் குடற்புழு மருந்தை அளந்து, புரையேறாமல் வாயோரமாக ஊற்றுவார்.

கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்கு மட்டும் அவரால் மருந்து கொடுக்க முடியவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு அது கழிந்து இளைத்தது, தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கியது. அக்கா மருந்துப் புட்டியை எடுத்தபோது பெரியப்பா தடுத்தார்.

“ஏனம்மிணி, சாமி கிடாய்க்குப் போயி மருந்து ஊத்துவாங்களா? அதெல்லாம் சாமி பாத்துக்கும், உடு.”

தை மாதம் கோயிலில் பொங்கல் வைத்தோம். கிடாயின்மேல் மஞ்சள் நீர் ஊற்றினால் அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத்தான் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, இல்லாவிட்டால் யார்மேலோ சாமிக்குக் குறை. அக்கா வளர்த்த கிடாய் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. சொம்பு சொம்பாக ஊற்றினார்கள், ஒவ்வொருவராக விழுந்து கும்பிட்டார்கள், அது அசையவே இல்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறு கிடாயைப் பிடித்து வந்தார்கள். முதல் சொம்பிலேயே அது துளுக்கியது.

“தாலியறுத்தவ கையில வளந்த கிடாய். சாமிக்கு ஆகுல,” என்றார் பெரியப்பா. அக்கா அத்தனை பேர் முன்னாலும் நின்றுகொண்டிருந்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

நாலாம் நாள் அந்தக் கிடாய் செத்தது. டாக்டர் வந்து வயிற்றைக் கிழித்துக் காட்டினார். இரைப்பை முழுக்க நூல் நூலாகச் செம்புழுக்கள்.

“உடம்புல ரத்தத்தையே காணமுங்க. நின்னதே பெருசு. இது எங்கீங்க உதறும்?” என்றார்.

அக்காவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. “பெரியப்பாகிட்டப் போயி இதச் சொல்லிப்போட்டு வா கண்ணு. நாஞ் சொன்னா நம்பமாட்டாங்க.”

போனேன். பெரியப்பா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. சாமி காரியத்தில் எதிர்த்துப் பேசினால் சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று பயம். காபி குடித்தேன், ஜாதகம் பற்றிப் பேசினேன், எழுந்து வந்துவிட்டேன். அக்காவிடம், “சொல்லிப்போட்டேனுங்கக்கா,” என்றேன்.

அதன் பிறகு ஏழு வருடம் சொந்தத்தில் யாரும் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. என் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டிய இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் நின்றார். ஆடுகளைப் பார்க்க ஆளில்லை என்று அக்கா வீட்டிலேயே இருந்துகொண்டார். நோம்பி நாளுக்குச் சுட்ட முறுக்கு, தின்ன வர ஆளில்லாமல், போசி நிறைய அப்படியே கிடக்கும். சில பேர் தங்கள் ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் மட்டும் வந்து வேலிக்கு வெளியே நின்று, “ஏனுங்க, அந்தப் புழு மருந்து இருக்குதுங்களா?” என்பார்கள். ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஞாயிறானால் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து போய் என்னைக் கூப்பிடுவார். ஆடுகளைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு வேலை இருக்கிறது என்று நான்தான் முதலில் போனை வைப்பேன்.

கடைசியில் மஞ்சள்காமாலை. கோவை ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பார்.

“கிடாய்க்குப் புழுன்னு தெரிஞ்சுங்கூட ஒருத்தரும் வருலியே கண்ணு. எம்மேல அப்பிடியென்ன வெறுப்பு அவிங்களுக்கு?”

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்துக் கொடுத்த பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்கும், அந்தப் பத்து நாளும் ஆடுகளுக்குத் தழை போட்ட அவர் வீட்டுக்காரருக்கும், கால்நடை டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சொந்தங்களே, பெரியப்பா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கிடாய்க்குக் குடற்புழு, அவ்வளவுதான். அக்காமேல் சாமிக்கு ஒரு குறையும் இல்லை. இது உங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்தும் நீங்கள் வரவில்லை என்று நம்பிக்கொண்டே அக்கா போய்விட்டார்.