அரண்மனை வாசலுக்கு வந்த தடம்

எங்கள் காங்கர்டா சமஸ்தானத்துக்கு மொத்தம் பதினேழு ஊர். காலையில் குதிரையேறினால் வெயில் சுடுவதற்குள் எல்லைக்கல் வந்துவிடும். அதற்கப்பால் மோட்டி சரேடி சமஸ்தானம். அவர்களுக்கு இருபத்திரண்டு ஊர். அந்த ஐந்து ஊரை அவர்கள் எங்களிடம் சொல்லிக் காட்டாத கல்யாணம் கிடையாது, சாவு கிடையாது. நாங்களும் சும்மா இருக்க மாட்டோம். "உங்க ஊர்ல ஆடு காணாமப் போனா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்போம். அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஏனென்றால் புஞ்சோ எங்கள் ஊர்.

புஞ்சோ கோலி சாதிக்காரர். பகி வேலை அவருக்கு. பகி என்றால் தடம் பார்க்கிறவர். குஜராத்தின் காட்டியவாரில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு சமஸ்தானமும் பகிகளுக்கு மானியமாக நிலம் விட்டிருந்தது. ஏன் என்றால் வழக்கம் அப்படி. திருட்டுத் தடம் எந்த ஊர் எல்லைக்குள் நுழைந்ததோ, அந்த ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். "இதோ பார், எங்கள் ஊருக்குள் வந்தது, இந்தப் பக்கமாக வெளியே போய்விட்டது" என்று அடுத்த எல்லை வரை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் திருடன் உங்கள் ஊர்க்காரன்தான். ஒரு பகி எல்லையில் தடத்தைக் காட்டுவார். அடுத்த ஊர்ப் பகி அதைப் பார்த்து, ஒப்புக்கொண்டு, தன் கோலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். வட்டம் போட்டாயிற்று என்றால் அது இனி இவர்கள் தடம். கையெழுத்து மாதிரி.

நான் தர்பார் கச்சேரியில் எழுத்தராக இருந்தவன். புஞ்சோவைவிட எட்டு வயது இளையவன். அவர் உயரமில்லை. தலை குனிந்தே நடந்து நடந்து கழுத்து கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும். சந்தையில் எதிரே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "வா எழுத்தரே, முதுகுவலி விட்டுதா?" என்பார். வலி என்று நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

1926-ஆம் ஆண்டு மழை முடிந்து கம்பு அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, சரேடியில் கேமா என்ற ஆஹீர் சாதி விவசாயியின் பெண்குதிரை திருட்டுப் போனது. சாதாரணக் குதிரை இல்லை. காது இரண்டும் மேலே வளைந்து ஒன்றையொன்று தொடும். தண்ணீர்க் குடத்தோடு ஏறி உட்கார்ந்தாலும் சிந்தாது என்பார்கள். அந்த வருஷம் சரேடியில் நடந்த திருவிழாச் சந்தையில் எங்கள் பாபுவின் மகன் சாமத் அதை விலைக்குக் கேட்டிருந்தார். மன்னரை நாங்கள் பாபு என்றுதான் கூப்பிடுவோம். அப்பா என்று பொருள். சாமத் குமரருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒன்பது வயதில் குதிரையிலிருந்து விழுந்து வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. கேமா குதிரையைத் தரவில்லை. தராததோடு விட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால், "ஓடற குதிரை எதுக்கு குமரருக்கு? நொண்டாம இருக்கறது எதுவா இருந்தாலும் போதுமே" என்று சொல்லிவிட்டான். சந்தையே சிரித்தது. குமரர் திரும்பி வந்தார்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. குதிரை போன மறுநாள் காலை சரேடிப் பகி லாக்கோ தடத்தோடு எல்லைக்கல்லுக்கு வந்து நின்றான் என்று மட்டும்தான் தெரியும். புஞ்சோவுக்கு ஆள் போயிற்று. கச்சேரி சார்பில் எழுத நானும் போனேன்.

லாக்கோ தடத்தின் மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தான். எடுத்தான். உள்ளே செருப்புப் போட்ட ஒரு மனிதக் காலடி, பக்கத்தில் மழுங்கலாக ஒரு குளம்புத் தடம். குளம்பில் சாக்குத் துணி சுற்றியிருந்தார்கள்.

"உன் ஊருக்குள்ள வருது. வட்டம் போடு," என்றான் லாக்கோ. "இல்லேன்னா வயசாச்சு, கண்ணு தெரியலைன்னு சொல்லிடு. நான் போய்ச் சொல்லிக்கறேன்."

"உனக்குக் கண்ணு இருந்திருந்தா குதிரை உன் ஊரை விட்டே வந்திருக்காது," என்றார் புஞ்சோ. குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பிறகு அடுத்த அடி, அதற்கடுத்த அடி என்று பத்தடி போய்த் திரும்பி வந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. கோலை எடுத்து வட்டம் போட்டார்.

அது யார் என்று அவருக்கு அந்தப் பத்தடியிலேயே தெரிந்துவிட்டது. பல வருஷம் கழித்து அவரே என்னிடம் சொன்னார். ஆனால் பகி தனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூடாது. கால் காட்டியதைத்தான் சொல்ல வேண்டும். அதனால் நடந்தார். நான், லாக்கோ, கேமா, ஊர்க்காரர் சிலர் பின்னால் நடந்தோம்.

வறண்ட ஆற்றில் தடம் மணலில் அமிழ்ந்து போயிருந்தது. அக்கரையில் பிடித்தார். ஆட்டுமந்தை ஒன்று குறுக்கே மிதித்துவிட்டுப் போயிருந்தது. மந்தையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி பிடித்தார். காங்கர்டாவின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு பாறைவெளி வரும், கால் கோஸ் அகலம், அதாவது அரை மைல். அங்கே அவர் கன்னத்தைத் தரையோடு வைத்துச் சாய்வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் காரியஸ்தர் ஜடாசங்கர் குதிரையில் வந்து சேர்ந்தார்.

அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பாபுவுக்கு வழக்கு விசாரித்துத் தண்டிக்கிற அதிகாரம் உண்டு. அதைப் பிரிட்டிஷ் ஏஜென்சி எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் இரண்டு சமஸ்தானங்களில் பிடுங்கியும் விட்டார்கள். அங்குள்ள ராஜாக்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், ஓர் ஆட்டுத் திருடனைக்கூட விசாரிக்க முடியாது. அந்த வாரம் ஏஜென்சித் துரை ஒருவர் எங்கள் ஊர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தார். எங்கள் கச்சேரிப் பதிவுகளைப் பார்வையிடத்தான் வந்திருந்தார். 

மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் புஞ்சோவிடம் வந்தார். நான் நகரவில்லை, எழுத்தரை யாரும் ஆளாக மதிப்பதில்லை.

"எங்க போகுது?"

"ஊர்ப் பக்கம் போகுது சாகேப்."

 காரியஸ்தருக்கும் ஏதோ காதில் விழுந்திருக்க வேண்டும். "இது பாறை," என்றார். "பாறையில தடம் போச்சுன்னா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

"லாக்கோ சொல்லுவான்."

"லாக்கோ கிடக்கான். துரை இங்க உக்காந்திருக்கார், புஞ்சோ. இன்னைக்கு நீ சொல்ற ஒரு வார்த்தையில இந்த ராஜ்ஜியம் நிக்கும், இல்லை விழும். பாபு உப்பைத் தின்னவன் நீ."

புஞ்சோ எழுந்து கன்னத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "தடம் போச்சுன்னு நீங்க எழுதிக்கங்க சாகேப். பேனா உங்களோடது. எனக்குத் தெரியுது. தெரியலைன்னு என் வாயில வராது."

காரியஸ்தர் கோபத்தில் மானிய நிலத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். புஞ்சோ அங்கேயே ஒரு வேலமர நிழலில் உட்கார்ந்தார். 

அவர் மனைவி ரூடி அந்த நேரத்துக்குக் கம்பு ரொட்டியும் வெங்காயமும் மோரும் கொண்டு வந்தாள். புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"பெரிய இடமா?" என்றாள்.

அவர் தலையசைத்தார். நிலம் போய்விடும் போலிருக்கிறது என்றார்.

"போனா போகட்டும், களையெடுக்கப் போவேன். எனக்கென்ன கை இல்லையா? நீ இன்னைக்குப் பொய் சொன்னா நாளைக்கு இந்த ஊர்ல எவன் உன்னை நம்பி எல்லைக்குக் கூப்பிடுவான்? அப்ப நீ வீட்லயே உக்காந்து என் உயிரை வாங்குவே." மோர்ச் செம்பை அவர் கையில் திணித்தாள். "சீக்கிரம் குடி. எருமை கத்துது, நான் போகணும்."

அவர் சிரித்தார். குடித்தார். எழுந்து பாறைவெளியைக் கடந்தார். அந்தக் கால் கோஸைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. ஒரு நசுங்கிய புல், ஒரு புரண்ட கல், சாக்கிலிருந்து உதிர்ந்த இரண்டு இழை. அவ்வளவுதான் அவருக்கு இருந்த வழித்துணை. மறுபக்கத்தில் மண் தொடங்கியதும் அதே காலும் அதே குளம்பும் இருந்தன. லாக்கோ வந்து பார்த்தான். தன் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டான்.

ஊருக்குள் நுழைந்தபோது எங்கள் பின்னால் இருநூறு பேர். தடம் கடைவீதிக்குப் போகவில்லை. கோட்டைச் சுவரை ஒட்டிப் போய், அரண்மனைப் பின்வாசலில் நின்றது. உள்ளே குதிரை லாயம். செய்தி முந்திவிட்டது. வாசலில் ராவத் பாபு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு புறம் காரியஸ்தர், மறுபுறம் ஏஜென்சித் துரை, துரையின் மொழிபெயர்ப்பாளர். குமரரும் இருந்தார், தூணோரமாக.

புஞ்சோ வாசற்படிக்கு மூன்றடி முன்னால் நின்று கைகூப்பினார்.

"எங்க போகுது?" என்றார் பாபு.

"உள்ள போகுது பாபு."

"யார் காலு?"

 ஒரு பச்சைக்கிளிக் கூட்டம் கோட்டை மேல் கத்திக்கொண்டே போனது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"செருப்பு லாயக்காரனோடது பாபு. நடை குமரரோடது. வலது கால் நுனி இழுத்திருக்கு, எடை வெளிப்பக்கம் விழுந்திருக்கு. சரேடி எல்லையிலேர்ந்து இது வரைக்கும் ஒரே மாதிரி."

மொழிபெயர்ப்பாளர் துரையின் காதில் சொல்லிக்கொண்டிருந்தான். காரியஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார். குமரர் தரையைப் பார்த்தபடி நின்றார். மறுக்கவில்லை, அதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும்.

பாபு படியிறங்கி வந்தார். எங்கள் பாபு பருத்த மனிதர், முழங்கால் வலிக்காரர். புஞ்சோவின் கையிலிருந்த கோலை வாங்கிக்கொண்டார். அதை ஊன்றிக் கஷ்டப்பட்டுக் குனிந்து, தன் வாசலுக்கு நேரே கிடந்த அந்தக் காலடியைச் சுற்றி, ஒரு சாதாரண ஊர்ப் பகி போடுகிற மாதிரியே, வட்டம் போட்டார்.

 கேமா வாயைப் பொத்திக்கொண்டான்.

பிறகு பாபு துரையின் பக்கம் திரும்பினார். "எங்க எல்லைக்குள்ள வந்த தடத்தை எங்க பகியே எங்க வாசலுக்குக் கொண்டுவந்துட்டான். நான் ஒப்புக்கிட்டேன். இனி தீர்ப்பும் இங்கதான். துரைக்கு நேரமிருந்தா உக்காந்து கேக்கலாம்."

துரைக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்கார்ந்து கேட்டார். தீர்ப்பை எழுதியவன் நான்தான். குமரர் பட்டப்பகலில், செருப்பில்லாமல், குதிரையைத் தானே பிடித்துக்கொண்டு, வந்த வழியே சரேடிக்கு நடந்து போய்க் கேமாவிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப்பின் ஓராண்டு எல்லைக் காவல் சாவடியில் மற்றக் காவலர்களோடு இருக்க வேண்டும். பாபு கொஞ்சம் நிறுத்தி இன்னொன்றும் சேர்த்தார்: கேமா சந்தையில் சொன்ன வார்த்தைக்குக் குமரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதே சந்தையில். அதைச் சொன்னபோதுதான் அவர் மகன் பக்கம் திரும்பினார்.

குமரர் நடந்தார். கால் இழுக்க இழுக்க முழுத் தூரமும் நடந்தார். வழிநெடுக ஜனங்கள் நின்றார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. சரேடியில் கேமா சந்தை வரை காத்திருக்கவில்லை. வாசலிலேயே அவர் காலில் விழுந்து, உள்ளே கூட்டிப்போய் ரொட்டியும் நெய்யும் வைத்தான். சந்தையிலும் கேட்டான், சொன்னபடி.

துரை என்ன அறிக்கை எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் கச்சேரியைப் பற்றி அதற்குப் பிறகு ஏஜென்சியிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. சமஸ்தானங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட 1948 வரை எங்கள் வழக்குகளை நாங்களே விசாரித்தோம். இருபத்திரண்டு ஊர் சரேடியால் அதைச் சொல்ல முடியாது.

புஞ்சோவின் நிலத்தைக் காரியஸ்தர் தொடவில்லை. ஒருநாள் அவரே கச்சேரியில் புஞ்சோவுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் மாதிரி ஆளுக்கு அது பெரிய விஷயம். குமரர்தான் ரொம்ப வருஷம் புஞ்சோவிடம் பேசவில்லை. 1938-இல் ராவத் பாபு காலமாகி குமரர் பட்டத்துக்கு வந்தபோது, பழைய மானியங்களையெல்லாம் புதுப்பிக்க ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். புஞ்சோ முறை வந்ததும் சபையில் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள்.

புது பாபு பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "என் தடத்தை இன்னும் தெரியுமா உனக்கு?"

"தெரியும் பாபு."

"எங்க போனாலும்?"

"எங்க போனாலும்."

"அப்ப நான் ஒழுங்காத்தான் நடக்கணும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பழைய நிலத்தோடு கிணற்றடித் துண்டு ஒன்றையும் சேர்த்திருந்தார். அதைப் படித்துச் சொன்னதும் நான்தான்.

சமஸ்தானம் போன பிறகு புஞ்சோவைப் புதுப் போலீசார் வைத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டை கொடுத்தார்கள், போட மாட்டேன் என்றுவிட்டார். 1957-இல் ஐந்து நாள் காய்ச்சலில் போனார். சாமத் பாபு அப்போது ராஜா இல்லை. இருந்தாலும் ஊரே பாபு என்றுதான் கூப்பிட்டது. புஞ்சோவின் பாடைக்கு அவர் தோள் கொடுத்துச் சுடுகாடு வரை நடந்தார். உயரம் ஒத்துவராமல் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. யாரும் அவரை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுக்குச் சரேடியிலிருந்து மட்டும் ஒன்பது வண்டி வந்தது. அத்தனை பேருக்கு ரூடி சமைத்திருக்கவில்லை. கோதுமைக் கேசரி பாதியில் தீர்ந்துவிட்டது. அவள் புடவையைச் செருகிக்கொண்டு மறுபடி அடுப்பு மூட்டினாள். நான் போய், போதும், சொல்லி அனுப்பிவிடலாம் என்றேன்.

"என் புருஷனுக்காக அடுத்த ராஜ்ஜியத்துலேர்ந்து வந்திருக்காங்க," என்றாள். "பசியோட அனுப்பினா அவ்வளவுதான், நாளைக்கே சொல்லிக் காட்டுவாங்க. நீங்க போய் எல்லாரையும் உக்கார வைங்க எழுத்தரே."

உட்கார வைத்தேன்.