மறைத்து வைத்த மோட்டார்கள்

என் அம்மா காய்ச்சலில் கிடந்த கோடையில் எங்கள் வீட்டு ஃபேன் புகைந்து நின்றுவிட்டது. கழற்றிக் கொண்டுபோய் எதிர்வீட்டு மோட்டார் அக்காவிடம் கொடுத்தேன். “உள்ள இருக்கற கம்பிக் காயில் எரிஞ்சிருக்கு. புதுசா சுத்தணும், நாளாகும். அதுவரைக்கும் இது ஓடட்டும்” என்று வேறொரு ஃபேனை எடுத்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி அவரே மாட்டிவிட்டுப் போனார். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வாங்காமல் போனதாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவர் வேலை செய்யும் முன்னறைக்குப் போனால், மேலே கொக்கி மட்டும் தொங்குகிறது. அக்கா கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை பார்க்கிறார். நான் அண்ணாந்து பார்த்ததை அவரும் பார்த்தார். “அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார்.

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செம்புக் கம்பி சுற்றுவது அக்காவின் தொழில். கணவருக்குக் கூடமாட உதவியாக நின்று நின்றே கற்றுக்கொண்டது. அவரை நாங்கள் அண்ணன் என்போம். அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து வலது பக்கமும் பேச்சும் போனபின், பெரிய ரோட்டிலிருந்த கடையைக் காலி செய்து சாமான்களை வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார் அக்கா. அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்கவும் கஞ்சி ஊட்டவும் ஆள் வேண்டும். கடையில் உட்கார்ந்தால் அவரை யார் பார்ப்பது? அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பு எப்படி எரியும்? வீட்டிலேயே வேலை என்றால் இரண்டும் நடக்கும். வேறு வழி எதையும் கடவுள் திறந்து வைக்கவில்லை.

கம்பி சுற்றுவதில் சத்தம் கிடையாது. முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்ப்பார் பாருங்கள், அப்போதுதான் சுவரெல்லாம் அதிரும். அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ். அவளுக்கு ராத்திரி டியூட்டி. காலையில் வந்து கண்ணை மூடினால் தலைமாட்டில் மோட்டார் அலறும். சொல்லிப் பார்த்தாள். அக்காவும் அடியில் ரப்பர் ஷீட் போட்டுப் பார்த்தார். பெரிதாகக் குறையவில்லை. கடைசியில் அவள் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டாள். அவர்கள் அக்காவை அனுமதிக்கு மனு எழுதிப் போடச் சொன்னார்கள்; அதிகாரி வந்து பார்ப்பார், அவர் கூடாது என்றால் தொழிலை மூடிவிட வேண்டியதுதான் என்றார்கள்.

அதிகாரி வருவதற்கு முன்னால் தெருக்காரர்கள் நாங்கள் மாடிவீட்டுக்காரரின் கார் ஷெட்டில் கூடினோம்.

“இன்னைக்கு மோட்டார்னு விட்டா நாளைக்கு லேத்து வரும். அப்புறம் இது தெருவா, பட்டறையா?” என்றார் மாடிவீட்டுக்காரர்.

“அப்படியே என் தையல் மிஷினையும் தூக்கச் சொல்லிடுங்க சார். உங்க பேன்ட்டு இன்னும் அதுலதான் மாட்டிக்கிட்டு நிக்குது” என்றார் தையல்காரர். அவருக்கும் வீட்டிலேதான் பிழைப்பு. அடுத்தது தான்தானோ என்ற பயம் அவருக்கு.

சிரிப்பு அடங்கியதும் தையல்காரரின் மனைவி, “சத்தமா, என்ன சத்தம்? எங்க காதுல ஒண்ணும் விழலையே” என்றாள். நாங்கள் சிலர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம்.

“அப்போ நான்தான் பொய் சொல்றேனா?” என்று நர்ஸ் எழுந்து போய்விட்டாள். அக்கா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வந்த காலையில் அக்கா வீட்டில் இல்லை. செம்புக் கம்பி வாங்கப் போயிருந்தார். அண்ணனுக்குத் துணையாக நான் உட்கார்ந்திருந்தேன். தையல்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். “அதிகாரி முனைக்கடையில டீ குடிக்கறாரு. மோட்டாரைக் கண்ணால பார்த்தா மூடச் சொல்லிடுவாரு. மசமசன்னு நிக்காதம்மா, தூக்கு.”

தெருவே கைகொடுத்தது. தண்ணீர் மோட்டார் தையல்காரர் வீட்டுச் சலவைக் கூடைக்குள் போனது. கம்பி சுற்றும் கைமிஷின் என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால். கட்டிலில் கிடந்த அண்ணன் இடது கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். நன்றி சொல்கிறார் என்று நாங்கள் கும்பிட்டுவிட்டுத் தூக்கினோம். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார் அந்த மனுஷன்.

அதிகாரி வந்தபோது முன்னறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அதே நேரம் அக்காவும் கம்பிப் பையோடு படியேறினார்.

“இங்க தொழில் எதுவும் நடக்கலையேம்மா. நடக்காத தொழிலுக்கு நான் எப்படி அனுமதி கொடுக்கறது? மனுவைத் தள்ளிடறேன்” என்றார் அதிகாரி.

“தப்பிச்சோம்கா, மூச்சு விடாதீங்க” என்று தையல்காரர் கிசுகிசுத்தார்.

அக்கா அதிகாரியைக் கேட்டார்: “தள்ளினப்புறம் நான் மோட்டாரை எடுத்தா?”

“சீல் வைப்போம்.”

தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “கொஞ்சம் உக்காருங்க சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். “தம்பி, என் மோட்டார் எங்க?”

“சலவைக்குப் போட்டிருக்கேன்கா” என்றார் தையல்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அக்கா வந்து நிற்க, நாங்கள் அசடு வழிய ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வைத்தோம். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் வந்து சேர்ந்ததும் அக்கா தண்ணீர் மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்தார். அது அலறிய அலறலில் அதிகாரி காதைப் பொத்தினார். நர்ஸ் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக வந்து நின்றாள்.

அக்கா சுவிட்சை அணைத்தார். “இந்தச் சத்தம்தான் சார் இந்தப் பொண்ணைத் தூங்க விடறதில்ல. இல்லைன்னு சொன்னவங்க என் மேல இருக்கற பிரியத்துல சொன்னாங்க. இவரை இப்படிக் கட்டில்ல விட்டுட்டு என்னால கடைக்குப் போக முடியாது. ரெண்டையும் எழுதிக்கிட்டு, என்ன செய்யலாம்னு சொல்லுங்க.”

அதிகாரி நர்ஸைப் பார்த்தார். அவள் கலைந்த தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

“நான் முழிச்சப்புறம் ஓட்டட்டும் சார், எனக்கு அது போதும். சத்தமே இல்லைன்னாங்க பாருங்க, அதுலதான் எனக்கு ஆத்திரம்.”

அந்த நிபந்தனையோடு அனுமதி வந்தது. நர்ஸ் எழுந்ததும் பின்பக்க ஜன்னலைத் திறந்து வைப்பாள். அதைப் பார்த்துத்தான் அக்கா மோட்டாரை ஓட்டுவார். அண்ணனுக்கு முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பிரியத்துக்காகச் சொல்கிற பொய் கூட ஒருத்தர் மனதைக் குத்தத்தான் செய்யும் என்று பிரார்த்தனையில் உட்காரும்போது எனக்குத் தோன்றும்.

சில வருஷம் கழித்து அண்ணனைக் கடவுள் அழைத்துக்கொண்டார். அக்கா தங்கை வீட்டுப் பக்கம் ஒரு வீடு பார்த்துக்கொண்டு புறப்பட்டார். வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. “போற இடத்துல அக்கம்பக்கம் எப்படியோக்கா” என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்படி இருந்தாலும் சரி, போன அன்னைக்கே கதவைத் தட்டி, மோட்டார் சத்தம் வரும், நீங்க எப்போ தூங்குவீங்கன்னு கேட்டுடுவேன். உங்களை மாதிரி ஒளிச்சு வைக்கறவங்க அங்கயும் சேர்றதுக்கு முன்னாடி.”