ஒன்றரைக் கட்டை கீழே

என் தம்பியைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். வேறு யார் எழுதினாலும் பாட்டுக்காரனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, "உடன் கிதார் வாசித்தவர்" என்று கடைசி வரியில் இவனை ஒட்டவைப்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அளவு தவறி ஒரு சட்டைகூடக் கொடுத்ததில்லை. இதிலும் தவறாது.

தம்பி பகலில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். மோட்டார் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். மாலையில் ராக் குழுவில் கிதார். குழுவில் நாலு பேர், எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவர் டிரம்ஸ், ஒருவர் பேஸ் கிதார். பாடுகிறவனுக்குப் பட்டப்பெயர் இடி. இளமையில் யாரோ ரசிகர் வைத்தது. இடி எப்போதோ ஓய்ந்து இப்போது வெறும் தூறல்தான் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. தலைக்கு மை, கறுப்புக் கண்ணாடி, தோல் கால்சட்டை. அதன் இடுப்பை வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துத் தைப்பவள் நான். தோல் சுருங்குகிறது என்பான். ஆமாம், தோல்தான் சுருங்குகிறது என்று வாங்கி வைப்பேன்.

"இந்தக் கட்டை வேகற வரைக்கும் பாடுவேன்" என்று மேடைக்கு மேடை சொல்வான். எந்தக் கட்டையில் பாடுகிறான் என்பது தம்பிக்குத்தான் தெரியும். இடியும் தோளில் ஒரு கிதாரை மாட்டிக்கொள்வான், ஆனால் அதற்குச் சுருதி சேர்க்க வராது. கற்றுக்கொள்ளவும் இல்லை. பெரிய பாட்டுக்காரன் அந்த வேலையெல்லாம் செய்வானா? மூன்று கிதார்களையும் தம்பிதான் காதால் கேட்டுச் சேர்ப்பான்.

ஐம்பது வயதில் இடியின் குரலில் கீறல் விழுந்தது. தம்பி ஒன்றும் சொல்லாமல் சுருதி அரைக்கட்டை இறங்கும்படி எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவைத்தான். விரல் வைக்கும் இடம் மாறாது, அதனால் இடிக்குத் தெரியவில்லை. சில வருஷம் கழித்து ஒரு கட்டை. பிறகு ஒன்றரை. முப்பது வயதில் பாடிய அதே சுருதி என்று இடி மீசையை முறுக்கினான். தம்பி கம்பியைத் தளர்த்தினான்.

போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரர், வயதான ராக் குழுக்கள் மரியாதையாக ஓய்வு பெற்றால் என்ன என்று எழுதினார். இவர்கள் குழுவையும் சேர்த்திருந்தார். இடி அதைப் படித்து நெடுநேரம் யோசித்து, குழுவில் வயசானவன் என் தம்பி ஒருவன்தான் என்று கண்டுபிடித்தான். தம்பியின் இடது கையில் இரண்டு விரல்கள் சட்டென்று மடங்காது, உண்மைதான். அதைக் காரணம் காட்டித் தன் மருமகனைக் கொண்டுவந்து நிறுத்தினான். மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தரையில் அப்படி என்ன இருந்ததோ.

தம்பி வீட்டுக்கு வந்து கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினான். அவனுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது, வேறு நண்பர்களும் கிடையாது.

"விஷயத்தைப் போட்டு உடைச்சிட்டு வர வேண்டியதுதானே?" என்றேன்.

"சொன்னா அவன் அப்புறம் வாயே திறக்க மாட்டான் அக்கா."

கையிலிருந்த கிதாரைப் பிடுங்கியாயிற்று. இவன் கவலை அவன் வாய்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, போனோம். மருமகன் நல்ல பையன், முறைப்படி படித்தவன். கிதார் தலையில் சுருதி காட்டும் டியூனரைக் கவ்வவைத்து மூன்றையும் சரியான சுருதிக்கு ஏற்றியிருந்தான். மற்ற இருவருக்கும் அது தெரியாமல் போகுமா? அவர்கள் இப்போதும் தரையைத்தான் பார்த்தார்கள். முதல் மீட்டலிலேயே தம்பி என் கையைப் பிடித்தான். "ஏத்திட்டாங்க அக்கா."

இடி எப்படியோ பல்லவியைத் தாண்டினான். உச்சிக்குப் போனதும் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைபோல ஒரு சத்தம். மைக் சரியில்லை என்று மைக்காரரைத் திட்டினான். மறுபடி எடுத்தான், மறுபடி பூனை. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். தம்பி எழுந்து மேடைக்குப் பின்னால் போனான். நானும் போனேன்.

பாட்டை நிறுத்திவிட்டு இடியும் மருமகனும் அங்கே வந்ததும் தம்பி எல்லாவற்றையும் சொன்னான். அரை, ஒன்று, ஒன்றரை. இடி நன்றி சொல்வான் என்று நினைப்பவர்களுக்கு இடியைத் தெரியாது.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்திட்டு இருந்தியாடா?"

"பாட வச்சிட்டு இருந்தேன்."

மருமகன் மாமனாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கிதாரைத் தம்பியிடம் நீட்டினான். தம்பி வாங்கவில்லை. "இனிமே யாருக்கும் தெரியாம இறக்க மாட்டேன். இறக்குன்னு அவனே வாயால சொல்லட்டும்."

ஊரெல்லாம் கேட்கக் கத்துகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நிகழ்ச்சி அதோடு நின்றது.

பத்திரிகைக்காரரின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். விரல் மெதுவானால் மெதுவான பாட்டு வாசிக்கலாம். தம்பி இப்போது வீட்டில் உட்கார்ந்து அப்படிச் சில பாட்டுகளுக்கு மெட்டுப் போடுகிறான், நன்றாகவே இருக்கின்றன. தன் குரல் தன் காதுக்கே எட்டாதவன்தான் மேடையைவிட்டு இறங்க வேண்டும், அவனுக்கு இருபது வயதானாலும்.

போன ஞாயிறு காலை இடி கிதாரோடு வாசலில் நின்றான். நான் உட்காரச் சொல்லவில்லை. தம்பிதான் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"கீழ இறக்கித் தர்றியா மச்சான்?" என்றான் இடி.

"நீயே இறக்கு. நான் கேட்டுச் சொல்றேன்."

திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. தளர்த்துவதற்குப் பதிலாக முறுக்கி, முதல் கம்பியை அறுத்தான். தம்பி ஒரு புதுக்கம்பியை எடுத்து அவன் மடியில் போட்டுவிட்டு, அடுத்ததைத் தொடச் சொன்னான்.