முதல் உழவு நாளில் கழலாத ஃபில்டர்

1. காலையில் எங்கள் வேனின் பழைய ஆயிலை வடித்தேன்.
2. ஆயில் ஃபில்டர் கையால் திரும்பவில்லை.
3. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பியதில் தகரம் கிழிந்தது.
4. கருகிய ஆயிலின் வாடை மூக்கில் ஏறியது.

இதே வாடை பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் களத்தில் அடித்தபோது எனக்கு எட்டு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. நெடுநாள் வறட்சிக்குப் பின் முந்தின இரவு ஓர் உழவு மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் எங்கள் மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டையும் உழுது கடலை விதைத்தாக வேண்டும். முதல் உழவுக்குப் பழைய ஆயிலோடு டிராக்டர் காட்டில் இறங்கக் கூடாது என்பது அப்பாவின் வழக்கம். விடிந்ததும் ஆயிலை வடித்துவிட்டார். பழைய ஃபில்டர் அசையவே இல்லை.

"கையால இறுக்குனாப் போதும்னு மெக்கானிக் சொன்னாருங்களே. பைப்பு போட்டு இறுக்குனது யாருங்க?" என்று அம்மா கேட்டாள்.

"நீ மொதல்ல வாய இறுக்கு" என்றார் அப்பா.

பக்கத்துக் காட்டு முருகேசன் ஏர் மாடுகளோடு கடந்து போனார். "எம் மாட்டுக்கு ஃபில்டரெல்லாம் இல்லீங்க மாமா!"

அப்பா நிமிரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி ஃபில்டரைக் கிழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா கிணற்றுக் கயிற்றை அதில் நாலு சுற்றுச் சுற்றி, ஒரு கட்டையை நுழைத்து முறுக்கித் திருப்பினாள். பிற்பகலில் அது கழன்றது.

இருட்டுவதற்குள் ஒரு ஏக்கர் உழுதோம். மறுநாள் வெயிலில் மண் இறுகிவிட்டது. மற்ற இரண்டு ஏக்கரும் அந்த வருடம் சும்மாவே கிடந்தன.

எங்கள் வேனின் ஃபில்டர் இன்னும் கழலவில்லை. எனக்கு இன்று உழுவதற்கு நிலம் எதுவும் இல்லை. அவசரமும் இல்லை.