கேட்க அதிகாரம் உள்ளவர்

மண்டியில் தோல் தரம் பார்த்துக்கொண்டிருந்தபோது வேலூர் பாகாயத்திலிருந்து வழக்கறிஞர் எஸ்தரின் கணவர் அழைத்தார். "பாய், எஸ்தர் காலைல நம்மள விட்டுப் போய்ட்டாங்க" என்றார். மேல்விஷாரத்துத் தோல் வியாபாரியான எனக்கு வழக்கறிஞர் எஸ்தர் ஞானமணி அவர்கள் யார் என்று எங்கள் ஊரில் பலர் கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. நிலநடுக்கத்தில் அநாதையான பிள்ளைகளுக்கென்று வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கு நான் ஜகாத் தர்மப் பணம் அனுப்பியிருந்தேன். அந்தப் பணம் குண்டு வைத்தவர்களுக்குப் போய்விட்டது என்பது வழக்கு. குண்டுவெடிப்பில் கணவரை இழந்த ஒரு பெண்மணி, நன்கொடை கொடுத்தவர்களிடமும் நஷ்டஈடு கேட்டிருந்தார்.

வேலூருக்கு, எஸ்தர் மேடத்திடம் ஓடினேன். "நான் ஒரு தப்பும் பண்ணல மேடம். நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"அவசரப்படாதீங்க பாய். போய் பதில் சொன்னா, உங்களைக் கேக்க அவங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. சும்மா இருந்தா, நீங்க இல்லாமலே தீர்ப்பாயிடும். அதிகாரம் இருக்கான்னு முதல்ல பார்ப்போம்."

பாகப்பிரிவினையும் வாடகைத் தகராறும் நடத்திவந்தவருக்கு இது புதிய உலகம். ஆவலோடு இறங்கினார். பணம் எந்த ஊரிலிருந்து போனது, வழியில் அமெரிக்காவைத் தொட்டதா, அந்த நாட்டுக்கு நான் அனுப்பும் சரக்குக்கு ஒப்பந்தம் எங்கே கையெழுத்தானது என்று துருவித் துருவிக் கேட்டார்.

"சரக்குக்கும் இதுக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?"

"அதையேதான் அங்க சொல்லப்போறோம்" என்று சிரித்தார்.

அமெரிக்க வழக்கறிஞர் ஒருவர் மூலம், என்னைக் கேட்க அங்கே அதிகாரமில்லை என்பதை மட்டும் சொல்லவைத்தார். என்னை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று அந்த நீதிமன்றம் விடுவித்தது. ஆற்காட்டு மக்கன்பேடா இனிப்போடு மேடத்தைப் பார்க்கப் போனேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. "நிரபராதின்னு ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்?"

"அதைச் சொல்லவும் அதே அதிகாரம் வேணுமே, பாய்."

பிறகு கேட்டார்: "அந்தம்மா எழுதுனதை முழுசாப் படிச்சீங்களா?"

இல்லை என்றேன்.

"நான் படிச்சேன். இப்ப நான் உங்க வக்கீல் இல்ல, கேக்கறேன். அந்தப் பணம் கடைசில எங்க போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கோபத்தோடுதான் வீடு திரும்பினேன். ஆனால் அந்தப் பெண்மணியின் வாக்குமூலத்தை, படித்த என் மருமகனைத் தமிழில் சொல்லச்சொல்லி இரவெல்லாம் கேட்டேன். மறுவாரமே விசாரிக்கத் தொடங்கினேன். அறக்கட்டளையின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. துபாயிலிருந்த என் தம்பி, அங்கே அதன் அலுவலகம் இருந்த முகவரிக்கே போய்ப் பார்த்தான். கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதன் பிறகு எங்கே சந்தித்தாலும் மேடம், "ஏதாச்சும் தெரிஞ்சுதா பாய்?" என்பார். மருத்துவமனைப் படுக்கையிலும் கேட்டார். "இன்னும் இல்ல மேடம்" என்றேன். "விட்டுடாதீங்க" என்றார்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தபோது எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன், எங்கள் வழக்கமும் அதுதான். எந்த நீதிமன்றமும் என்னிடம் கேட்க முடியாததை நீங்கள் கேட்டீர்கள். இனி அதைக் கேட்க நான் மட்டுமே இருக்கிறேன். விடைபெறுகிறேன், குதா ஹாஃபிஸ், மேடம்.