ஸ்கேன் அக்காவின் மெட்டு

ஜெல் புட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார் ஸ்கேன் அக்கா. சில்லென்று வயிற்றில் விழுந்தால் மனிதர்கள் ஆமை மாதிரி உள்ளே இழுத்துக்கொள்கிறார்களாம்; அப்புறம் பெருந்தமனியை எங்கே போய்த் தேடுவது? புட்டியைச் சூடாக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் அவர் தன் மதியச் சாப்பாட்டை வைத்திருக்கிறார்.

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக் குழாய். அதன் சுவரில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? சத்தியம் செய்யாத குறையாகப் பொய் சொல்வார்கள். "ஒண்ணும் சாப்பிடலைன்னீங்க. அப்போ உள்ள நீந்துறது யாரு?" என்பார் அக்கா. முடிந்ததும் ஒரு கத்தைத் தாளை அவர்கள் வயிற்றில் போட்டு, "துடைச்சுக்கோங்க" என்று திரும்பிக்கொள்வார். துடைத்துவிடுவது தன் வேலையல்ல என்பதில் படு கறார்.

கண்டதைச் சொல்லவும் அவருக்கு அனுமதியில்லை. அது டாக்டரின் பாடு. அதனால் எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்க்கிறார்கள். முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று ஊர்பேர் தெரியாத ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் தும்மல் வந்து மெட்டு நின்றது. படுத்திருந்தவர் அங்கேயே மகனுக்குப் போன் போட்டு, வீட்டை யாருக்கு எழுதுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார். அவர் குழாய் என்னவோ பளிங்கு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அக்கா தும்மலையும் மெட்டிலேயே சேர்த்துவிடுகிறார்.

நான் தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரிப்போர்ட் தட்டுகிறவன். அவர் பார்க்கும் படம் என் திரையிலும் ஓடும்.

போன வாரம் வந்து படுத்தவர் அக்காவின் கணவர். பேக்கரிக்காரர், வெண்ணெயோடு புழங்கிப் புழங்கி வெண்ணெயாகவே ஆனவர். அவருடைய அப்பா இந்தக் குழாய் வெடித்துத்தான் போனார் என்பதால், அக்கா மாதக்கணக்கில் நச்சரித்து இழுத்து வந்திருந்தார். எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டார்: ரத்த அழுத்தம், சர்க்கரை, அப்புறம் சிகரெட். கணவர் மின்விசிறியைப் பார்த்தார். சிகரெட்டை விட்டுப் பல வருஷம் ஆயிற்று என்றுதான் வீட்டில் பேச்சு.

"நான் இப்போ வீட்டுக்காரியா கேக்கலை. ஸ்கேன்காரியா கேக்கறேன்."

"ஸ்கேன்காரிகிட்ட சொன்னா வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சிடுமா?"

"தெரியாது."

"அப்போ, தினம் ஏழெட்டு."

நான் கைக்குட்டையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அதற்குள் படம் வந்துவிட்டது. வழவழவென்று இருக்க வேண்டிய குழாய்ச் சுவர், ஈரம் ஏறிய வீட்டுச் சுவர்போலத் திட்டுத் திட்டாகத் தடித்து வெளுத்திருந்தது. மெட்டு இதோ நிற்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். நிற்கவில்லை.

"பாட்டு நிக்கலையே," என்றார் கணவர் நிம்மதியாக. "அப்போ நான் பாஸ்தானே?"

"டாக்டர் சொல்லுவாரு."

தாள் தீர்ந்துவிட்டதென்று அக்கா குரல் கொடுத்தார். புதுக் கத்தையை எடுத்துக்கொண்டு போய்த் துணியை விலக்கினேன். வாங்கிக்கொண்டார், வயிற்றில் போடவில்லை. மெட்டை விடாமல் முணுமுணுத்தபடி, தொப்புளைக்கூட விடாமல், தானே துடைத்துவிட ஆரம்பித்தார்.